தளபதியின் ஏற்ற இறக்கம்

பேராவூரணிக்காரர்களுக்கு மல்லிப்பட்டினம் பக்கம். அங்கிருந்து கடல் தாண்டினால் யாழ்ப்பாணம். அக்கரையில் 2009 மே மாதம் புலிகளுடனான போர் முடிந்தபோது இலங்கை ராணுவத் தளபதி சரத் பொன்சேகா தேசத்தின் மாவீரர். 2010 ஜனவரியில் அதிபர் மகிந்த ராஜபக்சேவை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்றார். பிப்ரவரியில், அவர் தலைமை தாங்கிய அதே ராணுவம் அவரைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப்போனது. பட்டம், பதக்கம், ஓய்வூதியம் எல்லாம் பறிபோயின. குற்றம்? சீருடையில் இருந்தபோதே அரசியல் செய்தாராம். செய்யலாம் சாமி, அந்த ராஜபக்சே அண்ணன் தம்பிகளுக்காகச் செய்திருந்தால்!

2015இல் ஆட்சி மாறியது. பறித்ததெல்லாம் திரும்பி வந்தது, வட்டியாக ஃபீல்ட் மார்ஷல் பட்டமும்.

இதில் நம்மவர் பங்கும் உண்டு. 2010இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு ஆதரித்தது இவரைத்தான். யாழ்ப்பாண மாவட்டத்திலும் இவருக்கே அதிக ஓட்டு. ஷெல் அடித்தவருக்கா ஓட்டு என்று இங்கே டீக்கடையில் பெஞ்சைத் தட்டிக் கேட்டார் ஒருவர். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "அண்ணே, அடிக்கச் சொன்னவருல்ல எதுத்து நின்னாரு!"

2024 அதிபர் தேர்தலில் ஃபீல்ட் மார்ஷலுக்கு நாடு முழுக்க விழுந்தது 22 ஆயிரத்துச் சொச்சம். பேராவூரணித் தொகுதியில் டெபாசிட்டே தேறாது.