காதடைப்பில் மூக்கின் பங்கு: ஓர் ஆய்வு

1. பிறர் கொள்கை
காது அடைத்தால் அதற்குக் காரணம் காதே என்பர் ஒரு சாரார். சுண்டு விரலை உள்ளே விட்டுக் குலுக்குவது இவர்களது ஆய்வுமுறை. இம்முறையில் இதுவரை கிட்டிய முடிவு குறும்பி ஒன்றே. மூக்கு எந்த வாயுவை இழுக்கிறதோ, அதற்கேற்ப நடுச்செவியின் அழுத்தம் ஏறும், இறங்கும் என்பது நம் கட்சி.

2. ஆய்வுக்களம்
செவிப்பறைக்குப் பின்னால், ஒரு மில்லிலிட்டர் அளவே காற்றுக் கொள்ளும் சிற்றறையே நடுச்செவி. அதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு குழல். நீளம் ஏறத்தாழ 35 மி.மீ. இத்தாலிய உடற்கூற்றறிஞர் யூஸ்டாக்கியின் பெயரால் யூஸ்டேஷியன் குழல் எனப்படும். பெரும்பாலும் மூடியே கிடக்கும்; விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ கணநேரம் திறக்கும். வாசல் சாத்தியிருக்க வாயு புகுவது எங்ஙனம் எனின், சுவரில் ஓடும் இரத்தத்தின் வழியே என்க.

3. முதற்சான்று: சிரிப்பூட்டும் வாயு
அறையில் நெடுநாள் குடித்தனக்காரர் நைட்ரஜன், லேசில் நகரமாட்டார். மயக்கத்துக்குத் தரும் நைட்ரஸ் ஆக்சைடோ இரத்தத்தில் அவரைவிட ஏறத்தாழ 34 மடங்கு கரையும். பழையவர் பெட்டி கட்டுமுன் புதியவர் சுற்றம் சூழ வந்து இறங்கிவிடுவார். செவிப்பறை வெளிப்புறம் புடைக்கும். வாயுவை நிறுத்தினாலோ, வந்த வேகத்தில் வெளியேறுவார். செவிப்பறை உட்புறம் இழுபடும். செவிப்பறையின் ஓட்டைக்கு வைத்த ஒட்டு இதனால் நகரக்கூடும் என்பதால், அவ்வகை அறுவையில் மயக்க மருத்துவர்கள் இவ்வாயுவைத் தவிர்ப்பர், அல்லது ஒட்டு வைக்குமுன்பே நிறுத்துவர்.

4. இரண்டாம் சான்று: ஆக்சிஜன்
இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானிகள் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தனர். இறங்கும்போது காதுக்குள் புகுந்ததும் அதுவே. தரையில் காதுக்கு ஒரு குறையும் இல்லை, உண்டார்கள், உறங்கினார்கள். ஆக்சிஜனைச் சுற்றுத் திசுக்கள் உறிஞ்சித் தீர்த்தன. உறக்கத்தில் விழுங்குவது குறைவு. ஆகவே குழல் திறந்து ஈடுசெய்வதும் குறைவு. காதுவலியோடு விழித்தார்கள். தப்பு நடந்தது வானில், தண்டனை பாயில்.

5. ஐயமும் தெளிவும்
மூச்சை வேகமாக வாங்கி விட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். நடுச்செவி அழுத்தமும் சற்றே தாழும். மூச்சிரைக்கச் சண்டையிடுவோர்க்கு எதிராளியின் நியாயம் காதில் ஏறாமை இதனால்தானோ எனின், அன்று. இவ்விளைவு மிகச் சிறிது. அந்நோய்க்கு மூலம் வேறு.

6. முடிபு
மூக்கைப் பொத்தி, வாயை மூடி, மெல்ல ஊதும் வைத்தியத்துக்கு, 1704இல் காதைப் பற்றி நூல் வெளியிட்ட வல்சால்வாவின் பெயரே வழங்குகிறது. காதைப் பற்றி எழுதியவரே கடைசியில் மூக்கைத்தான் பிடித்தார். நம் கட்சி நிலைபெற்றது. இக்கட்டுரையைப் படிக்கையில் கொட்டாவி வந்திருந்தால் வாசகர்கள் கூச்சப்பட வேண்டாம். குழல் திறந்தது என்றே ஆய்வாளர் பதிந்துகொள்வார்.