யாரையும் சேர்க்காமல் உள்ளடக்கிய கல்வி நடத்துவது எப்படி?

தலைமை ஆசிரியர்களே, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குச் சேர்க்கை இல்லை என்று வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தவறு. "தாராளமா சேத்துக்கலாம்மா. ஆனா இங்க உங்க புள்ளைக்குத்தான் கஷ்டம்" என்று பரிவோடு சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள்.

மீதிப் பேருக்குச் சாய்தளம் கட்டுங்கள். ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது விதி. நாலடி போதும். சக்கர நாற்காலி ஏறாவிட்டாலும் ஆசிரியர்களின் ஸ்கூட்டர் ஏறும்.

இனி வகுப்பறை. காது கேளாத பிள்ளைகள் பலர் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ஆகவே கரும்பலகையில் எழுதிக்கொண்டே, அதைப் பார்த்தபடியே பாடம் நடத்துங்கள். நேரமும் மிச்சம். பார்வை குறைந்த பிள்ளைக்குக் கடைசி பெஞ்சு. முன்னால் உட்கார்ந்தால் எழுத்து தெரிந்துவிடும், அப்புறம் சந்தேகம் கேட்கும். 'ழ' எழுதச் சொன்னால் 'மு' எழுதுகிறவனை நூறு தடவை எழுதச் சொல்லுங்கள். நூறு 'மு' கிடைக்கும். சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. நமக்கு இரண்டே வகை: மக்கு, திமிர்.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்பு ஆசிரியர் வருவார். பாவம், ஒருவரே பல பள்ளிகளுக்கு ஓட வேண்டும். பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் ஏறும் என்று அவரிடம் கேட்டுத் தொலைக்காதீர்கள். "மிஸ், உங்க பையன் வந்திருக்கான், கூட்டிட்டுப் போங்க" என்று வராண்டாவைக் காட்டினால் போதும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு. மருத்துவச் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். சுற்றறிக்கையை மேசை டிராயரில் பத்திரமாக வைத்திருந்து, ஹால் டிக்கெட் வந்தபின் அம்மாவிடம் காட்டுங்கள்.

ஒரே ஆபத்து, வகுப்பில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் பையன். நீங்கள் வாயால் சொன்ன கணக்கைப் பெரிய எழுத்தில் எழுதி, யாரும் கேட்காமலே நோட்டை நகர்த்தி வைப்பான். எந்தப் பயிற்சிக்கும் போகாதவன். 'வகுப்பில் பேசினான்' என்று சொல்லி அவனை உடனே இடம் மாற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்தப் பிள்ளை தேறித் தொலைத்தால் கவலை வேண்டாம். பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வையுங்கள். உங்கள் படம் பெரிதாக இருக்கட்டும்.