கொறங்காட்டில் அல்பாக்கா

திருப்பூரில் ஐம்பது வயதாகியும் சொந்தமாக ஒரு கம்பெனி போடாதவனைச் சொந்தபந்தம் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கும். வாடகைக் கட்டடத்தில் நாலு ஓவர்லாக் மிஷினைப் போட்டு பவர் டேபிள் நடத்துகிறவனுக்குக்கூடக் கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி. நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கெழுதுகிறவன். பந்தியில் எனக்குக் கடைசி இலை, அதுவும் ரசம் தீர்ந்த பிறகு.

போடுவதுதான் போடுகிறோம், ஊரில் எவனும் போடாததாகப் போடுவோமே என்று தோன்றியது. 1925-ல் பேபி நிட்டிங் கம்பெனி வந்ததிலிருந்து நூறு வருஷமாகப் பருத்திப் பனியனையே பின்னும் ஊர் இது. கம்பெனிக்கு வந்த ஸ்வெட்டர் சாம்பிளின் லேபிளில் விடை கிடைத்தது: அல்பாக்கா. பெரு நாட்டு மலைப் பிராணி. ஒட்டகத்துக்குச் சித்தப்பா மகன், திமில் மட்டும் கிடையாது. ஐ.நா. சபை 2024-ஐ இந்த வம்சத்துக்கே சர்வதேச ஆண்டாக அறிவித்துவிட்டது. என்னை என் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகூட யாரும் கண்டுகொள்வதில்லை.

காங்கேயம் பக்கம் மாமனாருக்குக் கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரம், மழை பெய்தால் கொழுக்கட்டைப் புல். காங்கேயம் காளை தின்று கொழுத்த புல்லை அல்பாக்கா தின்னாதா? பண்ணை அங்கே, மில், வீட்டுக் கார் ஷெட்டில். கார் இல்லை, ஷெட் உண்டு. 1830-களில் லிவர்பூல் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்த அல்பாக்கா மூட்டைகளை வாங்கி நூலாக்கிய டைட்டஸ் சால்ட், 1853-ல் பிராட்ஃபோர்டு பக்கத்தில் பெரிய ஆலையே திறந்து, ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்கும் சால்ட்டேர் என்று தன் பெயரையே வைத்துக்கொண்டார். எங்கள் வீதிக்கு என் பெயர் வந்தால் எப்படியிருக்கும் என்று ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டேன்.

திட்டத்தை வீட்டுக்காரியிடம் விளக்கினேன்.

"ஏனுங்க, அது எந்த உசரத்துல வளருதுன்னு சொன்னீங்க?"

"3,500 மீட்டருக்கு மேல."

"நம்மூரு?"

"300 இருக்கும்."

"சித்திரை மாசம் நீங்களே பனியனைக் கழட்டிட்டு மொட்டைமாடியில படுக்கறீங்க. அது எதைங்க கழட்டும்?"

வருஷத்துக்கு ஒருமுறை ரோமத்தைக் கத்தரித்துவிடுவோம் என்றேன். "மீதிப் பதினோரு மாசம்?" என்றாள்.

ஒரே ஒரு விஷயம் அவளுக்குப் பிடித்திருந்தது. மந்தை முழுக்க ஒரே இடத்தில்தான் போய்ச் சாணம் போடும் என்றதும், "அந்த ஒழுக்கம் இந்த வீட்டு ஆம்பளைங்களுக்கு அழுக்குத்துணி போடறதுல இல்லையே" என்று என்னையும் மகனையும் பார்த்தாள்.

மச்சினன் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறவன். பருத்தி இழை சுமார் மூன்று சென்டிமீட்டர். அல்பாக்கா இழை எட்டு, பத்து சென்டிமீட்டர் போகும். அதனால் நம்மூர் மிஷினில் அதை ஓட்ட முடியாது, தனி செட் வேண்டும் என்றான். தரம் பிரிக்கணும், அலசணும், உதறணும், முரட்டு முடியைத் தனியே எடுக்கணும், கார்டிங் பண்ணணும், அப்புறம்தான் நூற்பு. "அலசுன தண்ணிய எங்க மாமா விடுவீங்க?" என்று கேட்டபோது எனக்கு வேர்த்தது. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவில் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்ட ஊர் இது. சொட்டுக் கழிவுத் தண்ணீரும் வெளியே போகக்கூடாது. செம்மறிக் கம்பளிபோல அல்பாக்காவில் எண்ணெய்ப் பிசுக்கு அதிகம் இல்லையே என்று வாதாடினேன். "பிசுக்கு இல்லீன்னா தண்ணி ஆவியாப் போயிருமா?"

பிராணியை மாற்றினேன். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. பாரத் மெரினோ ஆடும் அங்கோரா முயலும் அங்கே வளர்ந்தவை. ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் நீலகிரி ஆட்டுக்கு ஆராய்ச்சி நிலையம். மெல்லிய கம்பளி எல்லாம் மலை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. என் கார் ஷெட்டோ சமவெளியில் இருக்கிறது.

சமவெளியில் கம்பளி தரும் நம்மூர் ஆடு, கோயமுத்தூர்க் குரும்பை. வெள்ளை உடம்பு, கறுப்போ பழுப்போ படிந்த தலை. உடுமலைப் பக்கம் ஒரு பட்டியில் ஒரு கைப்பிடி ரோமம் வாங்கி, பையர் சாம்பிள் பார்ப்பதுபோல் கழுத்தில் தேய்த்துப் பார்த்தேன். இழையின் பருமன் 30 மைக்ரானைத் தாண்டினால் தோலில் குத்தும். குரும்பைக்குச் சுமார் 40. அது பிறகு படித்தது. வீடு வந்து சேர்வதற்குள் கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்து, அம்மா வேப்பிலையோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

ஒரு தடவை கத்தரித்தால் ஒரு ஆட்டுக்கு அரைக்கிலோகூடத் தேறாது. "என்ன பண்ணுவீங்க இதை?" என்று பட்டிக்காரரை அங்கேயே கேட்டிருந்தேன்.

"வேலியோரம் கொட்டிருவமுங்க. கத்தரிக்கற கூலிக்கே கட்டுபடியாகறதில்ல."

எதற்கும் இரண்டு மூட்டை வாங்கி வைக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில், மாமனார் யாரையும் கேட்காமல் மூலனூர் பக்கம் கன்னிவாடிச் சந்தைக்குப் போய் நாலு மேச்சேரிக் குட்டிகளைப் பிடித்துவந்து கொறங்காட்டில் விட்டுவிட்டார். "மாப்ளைக்கு ஆடுன்னா ஆசையாமா" என்று சொன்னாராம். கறிக்கும் தோலுக்கும் பேர்போன இனம். குட்டை முடி, கத்தரிக்க ஒன்றும் கிடையாது. மேச்சேரிக்கு மில்லும் வேண்டியதில்லை.