பத்து நிமிஷத்தார்

தாம்பரத்துக்கு அப்பால் மனை வாங்கி வீடு கட்டியவர்களில் ஒரு ரகம் உண்டு. பெயர் எதுவாக இருந்தாலும் எனக்கு அவர் 'பத்து நிமிஷத்தார்'தான். ஊரப்பாக்கம், மண்ணிவாக்கம், நெடுங்குன்றம், கூடுவாஞ்சேரி என எங்கே குடியிருந்தாலும் அவர் வீட்டு வாசலிலிருந்து எல்லாமே பத்து நிமிஷம். ஸ்டேஷன் பத்து நிமிஷம், ஜிஎஸ்டி ரோடு பத்து நிமிஷம், கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிஷம். இதையெல்லாம் அவர் அளந்தது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பைக்கில், ரயில்வே கேட் திறந்திருந்த வேளையில். தீபாவளிக்கு முந்தின நாள் பெருங்களத்தூரில் நிற்கும் வண்டி வரிசையைப் பற்றிக் கேட்டால், "அன்னிக்கு நாம எதுக்கு சார் வெளிய போகணும்?" என்பார். அதுவும் நியாயம்தான்.

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்தால் போச்சு. "இன்னும் வாடகைதான் குடுக்கறீங்களா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் ஆரம்பிப்பார். ரசம் வருவதற்குள் செல்போன் வெளியே வந்துவிடும். அதில் ஒரு மயில். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் காம்பவுண்டு சுவரின்மேல் பழுப்பாக ஏதோ தெரியும். கோழி என்று சத்தியம் செய்யலாம், ஆனால் சொல்லக்கூடாது. "வண்டலூர்க் காட்டுலேர்ந்து வருது சார். ராத்திரி காத்து அடிச்சா ஜூவுல சிங்கம் கத்தறதுகூடக் கேக்கும்." வண்டலூர் மிருகக்காட்சி சாலை 1985இல் திறந்தது, ஏறக்குறைய 600 ஹெக்டேர் பரப்பு. அத்தனையையும் தன் கொல்லைப்புறக் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டார். பத்திரத்தில் இருப்பதென்னவோ அரை கிரவுண்டுதான்.

மயிலைப் பற்றி அவர் மனைவிக்கு வேறு அபிப்பிராயம் என்பது அவர்கள் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. "வர்றவங்களுக்கெல்லாம் மயிலக் காட்டறாரு. அது வந்துட்டுப் போனா பாத்தியில ஒரு கீரை மிஞ்சறதில்ல. அப்புறம் நான்தான் மார்க்கெட்டுக்கு ஓடணும்" என்றார், மோர் டம்ளரை வைத்துக்கொண்டே. மார்க்கெட் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கணவரைப் பார்த்தார்.

பசுமையைச் சொல்லி முடித்ததும் போக்குவரத்துக்கு வருவார். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931இல் வந்ததில் தொடங்கி, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் போகும் வெளிவட்டச் சாலை வழியாக, விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு வரப்போகும் மெட்ரோவில் கொண்டுவந்து நிறுத்துவார். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபோது, தன் வீட்டுக் கிரகப்பிரவேசம் போல எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தவர் அவர். பக்கத்தில் ரயில் நிலையம் இல்லாமல் பஸ் நிலையத்தை மட்டும் திறந்துவிட்டார்களே என்று ஊரே முணுமுணுத்தது. அவர் அசரவில்லை. "எல்லாம் வந்துடும் சார். வந்தப்புறம் வாங்க முடியுமா?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் சரித்திர ஆதாரமும் உண்டு. "தி.நகர் என்ன சார், மாம்பலம் ஏரி! 1920கள்ல தூர்த்து மனை போட்டாங்க. அன்னிக்கு அங்க வாங்கினவன உங்க தாத்தா பைத்தியம்னுதான் சொல்லியிருப்பாரு." முழுக்க உண்மை. ஏரியைத் தூர்த்துத்தான் ஊர் ஆகும் என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டு, மறு மூச்சில் மாடிக்குக் கூட்டிப் போய் ஏரியைக் காட்டுவார்.

அந்த மாடியைச் சொல்லியாக வேண்டும். சாயங்காலம் ஆறு மணி. காற்று நிஜமாகவே நன்றாக இருந்தது. கொசு அதைவிட நன்றாக இருந்தது. ஒரு கையால் கொசு அடித்துக்கொண்டு மறு கையால் திசை காட்டினார்: அது ரிசர்வ் ஃபாரஸ்ட், இது ஏரிக்கரை, அதோ தெரிவது பஸ் ஸ்டாண்ட் வெளிச்சம். இடையில் ஒரு தோப்பு மொட்டையாகிக் கிடந்தது. வெட்டின மரங்கள் அடுக்கியிருந்தன. எல்லைக் கல்லுக்கு எல்லைக் கல் கலர் கொடி பறந்தது.

"பாத்தீங்களா அநியாயத்த? பசுமையே இல்லாமப் பண்றானுங்க சார்!" என்று நிஜமாகவே நொந்துகொண்டார். அரை நிமிஷம் மௌனம். பிறகு குரலைத் தாழ்த்தி, "கார்னர் பிளாட் ஒண்ணு இருக்கு, உங்களுக்கு வேணா சொல்லி வைக்கட்டுமா? நமக்குத் தெரிஞ்ச பார்ட்டிதான். டிடிசிபி அப்ரூவ்டு" என்றார்.

அவர் வீடு நிற்கிற இடமும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் மாடியிலிருந்து பார்த்துப் பெருமைப்பட்ட தோப்புதான். பச்சையும் பஸ்ஸும் சேர்ந்தே வேண்டும் என்று வருகிறார்கள். வருகிற ஒவ்வொருவரும் பச்சையில் அரை கிரவுண்டைக் கழித்துவிட்டு பஸ்ஸில் ஒரு ஆளைக் கூட்டுகிறார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை. மோர் குடித்திருந்தேன்.

அவர் சொல்லாத ஒன்றும் உண்டு: விலை. அந்தப் பணத்துக்கு மாம்பலத்தில் ஒரு குளியலறை கிடைத்திருக்கும். தன் பேரில் பட்டா, தன் கேட்டில் தன் பெயர், ஆணி அடிக்கக் கேட்க வேண்டிய வீட்டுக்காரர் இல்லை. இதற்காகத்தான் அவர் பாரிமுனை ஆபீசுக்கு விடிகாலையிலேயே ரயில் பிடிக்கிறார். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. காசு போதவில்லை என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? காற்று, மயில் என்று சொல்லிக்கொள்கிறார்.

மழையைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்டுப் பயனில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரில் படகு விட்டார்களே என்றால், "அது முடிச்சூர் சார். நம்ம ஏரியா மேடு" என்பார். முடிச்சூர்க்காரரைக் கேட்டால் வரதராஜபுரத்தைக் கை காட்டுவார். தன் மனை பள்ளம் என்று ஒப்புக்கொண்ட ஒருவரை இதுவரை நான் சந்தித்ததில்லை.

ஆகவே, அவர் அழைத்தால் போங்கள். காற்றும் மோரும் நிச்சயம். வாங்குகிற எண்ணம் இருந்தால் மட்டும், வெயில் காலத்தில் கம்பெனிக் காரில் கூட்டிப் போய் பிரியாணி போடுகிற சைட் விசிட்டை நம்பாதீர்கள். நவம்பர் கடைசியில், இரண்டு நாள் விடாமல் கொட்டின மறுநாள், நீங்களாகவே மின்சார ரயிலில் போய், ஷேர் ஆட்டோ பிடித்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மனை வரை நடந்து பாருங்கள். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போடுங்கள். அ-பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அட்வான்ஸ் அப்புறம் கொடுக்கலாம்.