பெட்டிக் கணக்கு

வீடியோ கேம் கன்சோல் விளையாடுவதற்கு என்று இன்னும் சில அப்பாவிகள் நம்புகிறார்கள். நம் பிராண்டை உலகத்தில் எத்தனை கோடிப் பேர் வாங்கினார்கள் என்று எண்ணுவதல்லவா மெய்யான விளையாட்டு!

2000-ல் வந்த பிளேஸ்டேஷன் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 15.5 கோடிக்கு மேல் என்று பல காலம் சொல்லப்பட்டது. 2024-ல் சோனி அதை 16 கோடி ஆக்கியது. உற்பத்தி நின்று பத்து வருடத்துக்கு மேலாகிறது. பெட்டி மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பக்தி என்றால் இது.

நிண்டெண்டோ டிஎஸ் 15.4 கோடியாம். ஆனால் பையில் போட்டுக்கொண்டு போவதெல்லாம் கன்சோலா என்பது ஆகமப் பிரச்சினை. அதே நிண்டெண்டோவின் ஸ்விட்ச் பையிலும் போகும், டிவியிலும் ஓடும். அதைப் பாதிப் பாதியாகப் பிரிப்பதே தர்மம். டிவிடி படம் பார்ப்பதற்காகப் பிளேஸ்டேஷன் 2 வாங்கியவர்களையும் வீடுவீடாகத் தேடிப்போய், என்ன படம் பார்த்தார்கள் என்று விசாரித்துக் கழித்துவிட வேண்டும். கழுவி ஊற்றுவதற்கென்றே வாங்கியவர்கள்? அரை ஓட்டு.

மைக்ரோசாப்ட்தான் ஞானி. 2015-லேயே எக்ஸ்பாக்ஸ் எத்தனை விற்றது என்று சொல்வதை நிறுத்திவிட்டது. கணக்கே காட்டாதவரை யார் தோற்கடிக்க முடியும்?

இந்தக் கணக்குப் போரில் இரவு இரண்டு மணிவரை களமாடும் தளபதி ஒருவரைத் தெரியும். காலாண்டு அறிக்கை வந்தால் வீட்டில் பாயசம். ஒருநாள் ஆசையாக, "உங்கள் கன்சோலைக் கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு சார்? நான் விளையாடறது செல்போன்ல."