தள்ளுவண்டிக்கு லைசென்ஸ்

கேள்வி: தள்ளுவண்டியில் மாம்பழம் விற்கிறேன். லைசென்ஸ் வாங்க யாரைப் பார்க்க வேண்டும்? 'பார்க்க வேண்டியவரை' ஏற்கெனவே மாசாமாசம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்!

பதில்: அவர் தருவது லைசென்ஸ் அல்ல, வாய்தா. தெருவோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பனைச் சான்றிதழ் தர வேண்டியது நகர விற்பனைக் குழு. உங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்தக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். ஆள் வரும் நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடாதீர்கள்! கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை, ஏற்கெனவே கடை போட்டிருப்பவரை அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது சட்டம். கைக்கு வந்த சான்றிதழை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் காலாட்டிக்கொண்டும் இருக்க முடியாது; நீங்களோ உங்கள் குடும்பத்தாரோதான் விற்க வேண்டும்.

பறிமுதல் செய்த சரக்குக்கும் விதி உண்டு. கட்டணத்தைக் கட்டிக் கேட்டால், கெடாத பொருளை 2 வேலை நாளுக்குள்ளும், கெடும் பொருளை அன்றைக்கேயும் திருப்பித் தர வேண்டும். மாம்பழம் அழுகும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபைல்தான் அழுகுவதே இல்லை, அதற்கென்ன அவசரம்?