வாயிலழுகை நூல்

பாயிரம்

மாணாக்கியே, மூன்று முதல் ஆறு அகவை வரையுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பயில வந்தவளே, அமர்ந்து கேள். இந்நூல் நுதலிய பொருள், காலையில் மழலைக்கூடத்தின் வாயிற்படியில் எழும் அழுகை. மழலைக்கூடம் என்றது, 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் தொடங்கி நாடெங்கும் பரவிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் கீழ் இயங்குவதும், தொண்டி முதல் இராமேசுவரம் வரை ஊரார் பால்வாடி என்றே வழங்குவதும் ஆகிய இடத்தை.

பயிற்சியில் உனக்கு ஆறு பணிகள் சொல்லப்பட்டன: ஊட்டவுணவு, தடுப்பூசி, உடல்நல ஆய்வு, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், நலக்கல்வி, முன்பருவக் கல்வி. பிள்ளையின் எடையை வளர்ச்சி அட்டையின் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் பட்டைகளுள் ஒன்றில் குறிக்கக் கற்றாய். மேற்கையின் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறையின் அது கடும் ஊட்டக்குறை என அறிந்தாய். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்னும் பாடத்திட்டத்தின்படி ஆடவும் பாடவும் பழகினாய். இவை யாவும் அழுகை அடங்கிய பின் நிகழ்வன. அடங்குமுன் நிகழ்வதை இந்நூல் உரைக்கும்.

களன்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அழுகையை இரண்டாவதாக நிறுத்தி, அது தோன்றும் களன் நான்கு என்றார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. மூன்று அகவைப் பிள்ளையிடம் இந்நான்கும் ஒருங்கே தோன்றும். இடுப்பிலிருந்து இறக்கப்படுதல் இளிவு. தாய் தெருமுனை கடத்தல் இழவு. மணலில் நடந்து வந்த தளர்ச்சி அசைவு. கையிலிருந்த முறுக்குத் தீர்தல் வறுமை. நான்கும் கூடுமிடம் வாயிற்படி ஆதலின், படியை ஐந்தாங்களனாகக் கொள்க. ஒரே பிள்ளை படிக்கு இப்பால் அழுவதும் அப்பால் அழாமையும் இதற்குச் சான்று.

அளவை

அழுகையின் சிற்றலகு ஏங்கல். ஏங்கல் மூன்று கொண்டது விம்மல். விம்மல் நான்கு கொண்டது கதறல். கதறலுக்கு மேல் அலகு இல்லை. அதனின் மிக்கது கக்கல். அது ஆயாவின் துறை.

வகை

வாயிலழுகை நால்வகைப்படும்: மெய்யழுகை, போலியழுகை, தொற்றழுகை, மீள்வழுகை.

1. மெய்யழுகை. விட்டுச் செல்வோர் வகையால் இது மூன்றாகும்.

1.1 தாய்விடு அழுகை. இது இருபாற்படும்.

1.1.1 முன்செலவு. பாசி எடுக்கும் நாள்களில் தாய் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, விடியுமுன் வத்தை ஏறித் தீவுப்புறம் செல்வாள். பிள்ளை கண்விழித்ததும் அழுகை வீட்டிலேயே பிறந்துவிடும். படிக்கு வரும்போது அது முதிர்ந்த அழுகை. ஏங்கல் அளவில் நிற்பது. செயற்பாலது: ஒன்றும் செய்யாமை. தானே உதிரும்.

1.1.2 உடன்செலவு. தாயே கொண்டுவந்து விடுவது. அவள் திரும்பிப் பாராது செல்லின் ஒரு கதறலில் முடியும். ஒருமுறை திரும்பிப் பார்ப்பின் இரண்டு கதறல். இருமுறை பார்ப்பின் தாயும் அழுவாள். இதற்கு ஈரழுகை என்று பெயர். செயற்பாலது: பிள்ளையிடம் தாய் சொல்லிக்கொண்டு செல்லுமாறு செய்தல். பிள்ளை அறியாமல் ஒளிந்து செல்லும் தாய் இன்றைய அழுகையை நாளைக்கு ஒத்திவைக்கிறாள். நாளையது வட்டியொடு வரும்.

1.2 தந்தைவிடு அழுகை. இதுவும் இருபாற்படும்.

1.2.1 கரையேற்று அழுகை. விசைப்படகு கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை சேரும். தந்தை வந்த அதே வேளையில் பிள்ளை புறப்பட வேண்டியிருத்தலின் எழுவது. பிள்ளையின் வழக்கு நேர்மையானது. உன்னிடம் மறுமொழி இராது. செயற்பாலது: இரவில் என்ன மீன் பட்டது என்று பிள்ளையிடம் வினவுதல். பாறையா, காரலா, நகரையா என்று எண்ணத் தொடங்கினால் விம்மல் குறையும். எண்ணுப்பாடமும் முடியும்.

1.2.2 தடைக்கால அழுகை. ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். அந்நாள்களில் மழலைக்கூடம் திறந்திருப்பின் தந்தையே பிள்ளையைக் கொண்டுவருவான். பழகாதவன் ஆதலின் போகாமல் வேலியோரம் நிற்பான். பிள்ளை அவனைக் கண்டு அழ, அவன் பிள்ளையைக் கண்டு நிற்க, இது முடிவிலியாகும். செயற்பாலது தந்தைக்கே: தண்ணீர்க் குடம் ஒன்றைக் கொடுத்து நிரப்பிவரச் சொல்க.

1.3 பாட்டிவிடு அழுகை. அப்பத்தா விட்டுச் செல்வதில்லை. படியிலேயே வெற்றிலை மடித்து அமர்வார். எனவே அழுகை எழாது. எழாதது அழுகையாகுமா எனின், ஆகும். அவர் எழுந்து செல்லும்போது எழுமாதலின் இது நிலுவையழுகை எனப்படும்.

2. போலியழுகை. இது இரண்டு.

2.1 மணலழுகை. கச்சான் காற்று வீசும் திங்கள்களில் கண்ணில் மணல் விழுந்து நீர் வடிதல். துயரன்று. ஆற்றுவதற்கு முன் கண்ணைக் கழுவுக. முறைமாற்றிச் செய்வோர் உளர். அவர் பயிற்சியில் குறையுடையோர்.

2.2 வறளழுகை. ஓசை உண்டு, நீர் இல்லை. ஒரு கண் மூடியிருக்க, மற்றொரு கண் உள்ளே கட்டைகளை யார் எடுத்தார் என நோக்கும். செயற்பாலது: நோக்குதலை நோக்குதல். 1939-இல் அடையாற்றுக்கு வந்து நம் நாட்டு ஆசான்களைப் பயிற்றிய மரியா மாண்டிசோரி, கற்பிப்போர்க்கு நோக்குதல் இன்றியமையாதது என்றமையும் அறிக.

3. தொற்றழுகை. ஒரு பிள்ளை அழ, பிறர் அழுதல். பிறந்து ஓரிரு நாளே ஆன பிள்ளையும் மற்றொரு பிள்ளையின் அழுகை கேட்டு அழும் என 1976-இல் சாகி, ஆப்மன் என்னும் இருவர் ஆய்ந்து காட்டினர். இது மூன்று.

3.1 அண்மைத் தொற்று: ஒரே பாயில் பரவுவது.

3.2 சேய்மைத் தொற்று: தடுப்பூசி நாளில் அடுத்த அறையிலிருந்து வருவது.

3.3 பயில்வோள் தொற்று: முதற்கிழமையில் உனக்கே வருவது. இது மெய்யா போலியா என்பதில் நூலோர் வேறுபடுவர். ஆயா வேறுபடார், தேநீர் தருவார்.

இங்கு ஓர் எச்சரிக்கை. தாயைப் பிரிந்த பிள்ளைகளை மருத்துவமனையில் நோக்கிய இராபர்ட்சனும் பவுல்பியும் மூன்று நிலை கண்டனர்: எதிர்ப்பு, நம்பிக்கையிழத்தல், பற்றறுதல். அழாத பிள்ளைகள் எல்லாம் பழகிய பிள்ளைகள் அல்லர். மூலையில் பேசாதிருப்பவனைத் தேர்ச்சிக் கணக்கில் சேர்க்கற்க, மடியில் சேர்க்க.

4. மீள்வழுகை. தாய் திரும்பி வரும்போது எழுவது. பிரியுங்கால் பிள்ளை செய்வதைவிட, மீண்டு கூடுங்கால் செய்வதே தாய்சேய்ப் பிணைப்பை நன்கு காட்டும் என்பது மேரி ஐன்சுவர்த்தின் ஆய்வு தந்த முடிபு. இது இரண்டு.

4.1 கண்டழுகை: தாயைக் கண்டதும் ஓடிச்சென்று, முந்தானையில் அழுது, உடனே அடங்குவது. இது நலம்.

4.2 மாட்டேனழுகை: ‘வர மாட்டேன்’ என்று கூடத்துத் தூணைப் பற்றிக்கொண்டு அழுவது. காலையில் உள்ளே வர மறுத்த அதே பிள்ளை, அதே படியில், அதே அலகில் இதைச் செய்யும்.

புறனடை

இங்குக் கூறாதன எழுமாயின் கூறியவற்றொடு பொருத்திக் கொள்க. காலையழுகை தாயின் தேர்ச்சிக்குச் சான்று. மாட்டேனழுகை உன் தேர்ச்சிக்குச் சான்று. இரண்டும் ஒரே தொண்டையில் பிறத்தலின் மதிப்பெண்ணை இருவர்க்கும் பகிர்வதில் இடர்ப்பாடு உண்டு. அதனை நீக்கத் தனிநூல் ஒன்று எழுதப்பட்டு வருகிறது.